கோடிங் படிக்க அறுபதாயிரம் வேண்டாம்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்து, கவுன்சிலிங்கில் எந்தக் காலேஜ் என்று முடிவானதும், எங்கள் தேனி மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு அடுத்த பேச்சு லேப்டாப்தான். சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று எங்கிருந்து போன் வந்தாலும் கேள்வி ஒன்றுதான். "அண்ணே, பிள்ளை கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்திருக்கு. கடையில அறுபதாயிரம் சொல்றாங்க. அதுக்குக் கொறஞ்சு வாங்குனா கோடிங் படிக்க முடியாதாமே?"

முடியும். அதில் மூன்றில் ஒரு பங்கு காசுக்கு வாங்கியும் முடியும். சில வீடுகளில் மூவாயிரம் ரூபாய் செலவோடு முடித்துவிடலாம். சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவன் என்ற முறையில் இதை ஆளாளுக்குப் போனில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். விவரமாக ஒரே இடத்தில் எழுதிவிட்டால் பத்துப் பேருக்கு உதவும் என்றுதான் இந்தப் பதிவு.

அறுபதாயிரம் என்பது எங்கள் ஊரில் எவ்வளவு பெரிய தொகை என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. இங்கே பல வீடுகளில் அம்மாமார் விடிவதற்கு முன்னால் தூக்குச்சட்டியோடு ஜீப் ஏறி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். இருட்டும்போதுதான் திரும்புகிறார்கள். மழை வலுத்தால் அன்றைக்கு வேலை இல்லை. திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர்கள் வசதியானவர்கள் என்று நினைக்கலாம். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது உண்மைதான். ஆனால் காய் பழுக்கும் நேரத்தில் ஒரு வாரம் விடாமல் மழை பிடித்தால் பழம் வெடித்து, போட்ட மருந்துக் காசு கூட வராது. அப்படிப்பட்ட வீட்டில் அறுபதாயிரத்துக்கு லேப்டாப் எடுத்து மாதம் மாதம் இஎம்ஐ கட்டுகிறார்கள் என்றால், அந்தப் பணத்தில் ஒவ்வொரு ஆயிரமும் எதற்குப் போகிறது என்று விற்பவர் சொல்லியிருக்க வேண்டும். பெரும்பாலும் சொல்வதில்லை.

கோடிங் படிக்கும் பிள்ளைக்கு முதல் இரண்டு வருஷம் என்ன வேலை? சி, பைத்தான், ஜாவா, கொஞ்சம் எச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட், ஒரு டேட்டாபேஸ். எழுதுவது எல்லாம் சில நூறு வரிகள். ஓட்டுவது சின்னச் சின்ன புரோகிராம்கள். ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். முல்லைப் பெரியாறு அணை நீர்மட்டம் எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் தினமும் எல்லோரும் பார்க்கிற எண். 2014-ல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்பு சொன்ன பிறகு அந்த எண்ணின் மேல் கவனம் இன்னும் கூடிவிட்டது. அணை திறந்தது 1895 அக்டோபரில். அன்றிலிருந்து இன்று வரை நாளுக்கு ஒரு வரி வீதம் நீர்மட்டத்தை எழுதி வைத்தாலும் மொத்தம் ஐம்பதாயிரம் வரியைத் தொடாது. அத்தனையையும் பைத்தானில் படித்து, எந்த வருஷம் எந்த மாதம் மட்டம் எவ்வளவு என்று கோடு வரைந்து காட்டுவது பத்து வருஷப் பழைய லேப்டாப்புக்குக் கூட சில விநாடி வேலை. படிக்கிற பிள்ளைக்கு இதைவிடப் பெரிய டேட்டா ரொம்ப நாளைக்குக் கையில் வராது.

அப்படியானால் லேப்டாப்பைத் திணற வைப்பது எது? விண்டோஸும் பிரவுசரும்தான். விண்டோஸ் 11 சும்மா திறந்து கிடந்தாலே மூன்று ஜிபிக்கு மேல் ராம் தின்றுவிடும். மேலே குரோமில் யூடியூப் பாடம், பக்கத்தில் நாலைந்து டேப், விஎஸ் கோடு என்று திறந்தால் 4 ஜிபி ராம் எந்த மூலைக்கு? எழுத்து அடித்தால் அரை விநாடி கழித்துத் திரையில் வரும். பிள்ளை தன் புரோகிராமில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துச் சோர்ந்துவிடும். அதனால் 8 ஜிபி ராம் வேண்டும், எஸ்எஸ்டி வேண்டும். இந்த இரண்டில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். எஸ்எஸ்டி 256 ஜிபி இருந்தால் போதும். 1 டிபி ஹார்டு டிஸ்க் என்று சொல்லி ஆசை காட்டினால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கிராபிக்ஸ் கார்டு வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். ஏஐ, மெஷின் லேர்னிங் படிக்க அது கட்டாயம் என்று சொல்லித்தான் கேமிங் லேப்டாப்பை விற்கிறார்கள். கூகுள் கோலாபில் பிரவுசர் வழியாகவே ஜிபியு இலவசமாகக் கிடைக்கிறது, படிக்கும் அளவுக்கு அது தாராளம். கேமிங் லேப்டாப் இரண்டரைக் கிலோ எடை, அதன் சார்ஜர் தனி எடை, பேட்டரி இரண்டு மூன்று மணி நேரத்தில் இறங்கிவிடும். கூடலூரிலிருந்து காலேஜ் பஸ்ஸில் தினமும் அதைத் தூக்கிக்கொண்டு போய் வரும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். ஆண்ட்ராய்டு ஆப் செய்யப் படிப்பவர்களுக்கு மட்டும் ராம் கூடுதலாக வேண்டும். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவுக்கு 8 ஜிபி குறைந்தபட்சம், எமுலேட்டரும் ஓட்ட 16 ஜிபி என்று கூகுளே சொல்கிறது. அதற்கும் வழி இருக்கிறது. எமுலேட்டரை விட்டுவிட்டு, கையில் இருக்கும் போனையே யுஎஸ்பி கேபிளில் செருகி அதில் ஆப்பை ஓட்டலாம்.

இப்போது காசு அதிகம் இல்லாமல் முடிகிற வழி. உங்கள் வீட்டு பீரோவைத் திறந்து பாருங்கள்.

2011 செப்டம்பரில் தொடங்கிய அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் தமிழ்நாடு முழுக்க ஐம்பது லட்சம் அளவுக்கு லேப்டாப் போயிருக்கிறது. தேனி மாவட்டத்தில் அண்ணனோ அக்காவோ அரசுப் பள்ளியில் படித்த வீடு என்றால், பரணிலோ துணி அடுக்குக்கு அடியிலோ ஒன்று கிடக்கும். முதல் வருஷங்களில் வந்ததில் 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க். பின்னால் வந்த லெனோவா வகைகளில் 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். பேட்டரி செத்திருக்கும். பவர் பட்டனை அமுக்கிவிட்டு டீ குடித்துவிட்டு வந்தாலும் முழுசாகத் திறந்திருக்காது. "இது ஓடாதுண்ணே" என்று ஒதுக்கி வைத்திருப்பார்கள்.

அந்த மெதுவுக்குக் காரணம் பெரும்பாலும் ஹார்டு டிஸ்க். போன வருஷம் தெரிந்த பையன் ஒருவன் அக்காவின் லேப்டாப்பைக் கொண்டுவந்தான். அடியில் இருக்கும் ஸ்க்ரூவை எல்லாம் கழற்றி, பிளாஸ்டிக் நெம்பியால் ஓரத்தை விலக்கியதும் ஃபேன் இறக்கைகளில் பஞ்சு மாதிரி தூசி அப்பியிருந்தது. ஆடிக் காற்றில் எங்கள் பள்ளத்தாக்கில் பறக்கிற மண் எல்லாம் அங்கேதான் போய்ச் சேர்கிறது. பிரஷ் போட்டுத் தட்டி எடுத்தோம். ஹார்டு டிஸ்க்கை உருவி, அதே இடத்தில் இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டியை வைத்து அழுத்தினால் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். பக்கத்திலேயே ராம் ஸ்லாட்டின் இரண்டு காதுகளையும் விரல் நகத்தால் விலக்கினால் பழைய ராம் தானாக மேலே எழும்பும். புதிதைச் சாய்த்துச் செருகி அமுக்கினால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். ராம் வாங்குவதற்கு முன் பழையதைக் கழற்றி அதன் மேல் இருப்பது டிடிஆர்3யா, டிடிஆர்4ஆ என்று படித்துவிட்டுப் போங்கள். ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது.

உள்ளே லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ வகையைப் போட்டோம். 2 ஜிபியிலேயே இருந்தாக வேண்டிய லேப்டாப் என்றால் லுபுண்டு போடலாம். அரசு லேப்டாப்பில் லினக்ஸ் ஒன்றும் புது விருந்தாளி இல்லை. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் அதில் முதலிலிருந்தே விண்டோஸோடு சேர்ந்து வந்தது, திறந்து பார்த்தவர்கள்தான் குறைவு. எஸ்எஸ்டி, செகண்ட் ஹேண்ட் ராம் எல்லாம் சேர்த்து மூவாயிரம் ரூபாய் பக்கம் வரும். அந்தப் பையன் அதில்தான் பைத்தான் படிக்கிறான், சி படிக்கிறான், விஎஸ் கோடு திறக்கிறது. செத்த பேட்டரிக்கு மாற்று கிடைத்தால் போடலாம், இல்லாவிட்டால் கரண்டில் செருகியே ஓட்டலாம். சில லேப்டாப்களில் பூட் லாக் விழுந்து உள்ளேயே போகாது. படித்த பள்ளியில் கேட்டுத்தான் அதைத் திறக்க வேண்டியிருக்கும். பட்டா பத்திரம் போல அந்த லேப்டாப்பை வைத்துக்கொண்டு, பக்கத்தில் தம்பிக்குக் கடன் வாங்கிப் புதியது எடுக்கிற வீடுகளைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

பீரோவில் ஒன்றும் இல்லை என்றால், நான் சொல்வது கம்பெனிகளிலிருந்து வரும் பழைய பிசினஸ் லேப்டாப். லெனோவா திங்க்பேட் டி480, டெல் லாட்டிட்யூட் 5490, 7490, எச்பி எலைட்புக் 840 ஜி5 — இந்த வரிசை. பெங்களூரு, சென்னைக் கம்பெனிகள் சில வருஷம் ஓட்டிவிட்டு மொத்தமாகக் கழிக்கும்போது அவை மதுரைக் கடைகளுக்கும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கும் வருகின்றன. 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது. அதனால் பல அலுவலகங்கள் பழையதைக் கைமாற்றிவிடுகின்றன. இவற்றின் கீபோர்டு, பாடி எல்லாம் நாள் முழுக்க வேலை செய்வதற்கென்று கட்டியவை. பெரும்பாலும் ராம் ஸ்லாட் இரண்டு இருக்கும், அடி மூடியைத் திறந்து நாமே மாற்றலாம். 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டியோடு 15,000 முதல் 22,000 ரூபாய்க்குள் கேட்கிறார்கள். 2025 கடைசியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை எல்லாம் அள்ளிக்கொண்டு போவதால் ராம் விலை ஏறிக்கிடக்கிறது. ராமோடு சேர்த்தே வாங்கிவிடுவது நல்லது.

கடைக்காரர் "ஐ7 தம்பி, ஐ7" என்பார். ஐ7 என்ற பெயரில் மயங்கிவிடாதீர்கள். அதற்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். ஐ5-8250யு என்றால் அந்த 8 எட்டாவது தலைமுறை. 3-ல் தொடங்கும் ஐ7 என்றால் 2012 வாக்கில் வந்த சிப். எட்டாவது தலைமுறைக்குக் கீழே போக வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இரண்டு காரணம். அதற்கு முந்தைய இன்டெல் சிப்களை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. இன்னொன்று, லேப்டாப் ஐ5-ல் ஏழாவது தலைமுறை வரை வழக்கமாக இரண்டு கோர்தான், எட்டில்தான் நான்கு ஆனது. இரண்டுக்கும் கடையில் விலை வித்தியாசம் கொஞ்சம்தான்.

சமீபத்தில் பக்கத்துத் தெருத் தங்கச்சி ஒருத்தி மகளோடு மதுரைக்கு லேப்டாப் வாங்கக் கிளம்பினாள். கூடப் போனேன். கடையில் ஒரு லாட்டிட்யூடை எடுத்து வைத்தார்கள், மேலே பளபளவென்று ஸ்டிக்கர். "பாப்பா, நோட்பேடைத் திற. ஒவ்வொரு கீயா அமுக்கு" என்றேன். ஏ, எஸ், ஸ்பேஸ், என்டர் வரை நன்றாக இருந்தது, பேக்ஸ்பேஸ் மட்டும் இரண்டு தடவை அழித்தது. அதை அப்படியே ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கச் சொன்னோம். புரோகிராம் எழுதுபவருக்கு பேக்ஸ்பேஸ் இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. இரண்டாவதில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து திரையில் கறை, கோடு இருக்கிறதா என்று பார்த்தோம். மூடியை மெதுவாகத் திறந்து மூடி, கீல் முனகுகிறதா என்று கேட்டோம். பென் டிரைவை எல்லா ஓட்டையிலும் செருகிப் பார்த்தோம். வைஃபையில் போன் ஹாட்ஸ்பாட்டைப் பிடித்தோம், கேமரா, மைக் இரண்டையும் ஓட்டினோம்.

பிறகு பேட்டரி. விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கும் வசதி இருக்கிறது. அதில் டிசைன் கெபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி என்று இரண்டு எண் வரும். முதலாவது புதிதாக இருந்தபோது எவ்வளவு பிடித்தது, இரண்டாவது இன்று எவ்வளவு பிடிக்கிறது. இரண்டாவது முதலாவதில் பாதிக்குக் கீழே இருந்தால் பேட்டரி மாற்றும் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டைத் திரையில் காட்டிப் பேசினால் கடைக்காரர் பெரும்பாலும் இறங்கி வருவார். எங்களுக்கு ஆயிரத்து ஐந்நூறு குறைந்தது.

கடைசியாக ஒன்று, இதைத் தவறவே விடாதீர்கள். லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்து பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10, திங்க்பேடில் எஃப்1. பாஸ்வேர்டு கேட்டால் அந்த லேப்டாப் வேண்டாம். விண்டோஸைப் புதிதாக ஏற்றி, இன்டர்நெட்டில் இணைத்து, முதல் செட்டப் திரை வரும்வரை கடையிலேயே உட்காருங்கள். சில கம்பெனிகள் தங்கள் கணக்கிலிருந்து லேப்டாப்பை விடுவிக்காமலே விற்றுவிடுகின்றன. அப்படியானால் அந்தத் திரையில் ஏதோ ஒரு கம்பெனி பெயரைப் போட்டு அவர்கள் ஈமெயிலைக் கேட்கும். நம்மால் அதைத் தாண்டிப் போக முடியாது. பில்லும் அவசியம். சீரியல் நம்பர் எழுதிய பில், குறைந்தது மூன்று மாதக் கடை வாரன்டி. ரிச்சி ஸ்ட்ரீட்டில் விலை இன்னும் குறையும்தான். போடியிலிருந்து சென்னைக்கு 2023 முதல் நேராக ரயிலும் ஓடுகிறது. ஆனால் ஒரு கோளாறு என்றால் ஒவ்வொரு தடவையும் ஒரு ராத்திரி பயணம் செய்ய வேண்டும். மதுரை என்றால் தேனியிலிருந்து காலையில் பஸ் ஏறி மத்தியானம் திரும்பிவிடலாம். அந்த ஆயிரம், இரண்டாயிரம் வித்தியாசத்துக்காகச் சென்னைக்குப் போக வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம்.

பழையது வேண்டவே வேண்டாம், வாரன்டியோடு புதிதுதான் என்று சில பெற்றோர் நினைக்கிறார்கள். அதுவும் நியாயம்தான். 35,000 சுற்றி ஐ3-1215யு போன்ற சிப்போடு 8 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி லேப்டாப்கள் இருக்கின்றன. அது போதும். வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியது, பின்னால் ராம் கூட்டலாமா என்பது. விலை குறைந்த லேப்டாப்களில் ரைசன் 3 7320யு என்று ஒரு சிப் நிறைய வருகிறது. அதில் ராம் போர்டோடு சேர்த்து சால்டர் செய்யப்பட்டிருக்கும். இன்று 8 ஜிபி என்றால் ஆயுளுக்கும் 8 ஜிபிதான். செலரான் என்று எழுதியிருந்தாலோ, எஸ்எஸ்டி என்பதற்குப் பதில் இஎம்எம்சி 64 ஜிபி என்று போட்டிருந்தாலோ புதிதாக இருந்தாலும் வாங்காதீர்கள். 2023-ல் 16,499 ரூபாய்க்கு வந்த ஜியோபுக் மாதிரியானவை ஆன்லைன் வகுப்பு பார்க்க ஆகும். 4 ஜிபி ராமிலும் 64 ஜிபி இடத்திலும் நாலு வருஷ இன்ஜினியரிங்கை ஓட்ட முடியாது. வாரன்டியில் 'ஆன்சைட்' என்று இருக்கிறதா, தேனி மாவட்டத்துக்குள் ஆள் வருவார்களா என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டை விட்டு நகராமல் படிக்கிறவர்கள் என்றால் பழைய மினி டெஸ்க்டாப் இதைவிட மலிவு. ஆனால் எங்கள் பக்கம் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்குப் போகிற கரண்ட் சாயங்காலம்தான் வரும். ஆடியில் தென்னை மட்டை ஒயர் மேல் விழுந்தால் அது வேறு. டெஸ்க்டாப்புக்கு யுபிஎஸ் தனியாக வாங்க வேண்டும், அதுவும் சில நிமிஷம்தான் தாங்கும். அதனால் லேப்டாப்பே நல்லது. டி480-ல் பேட்டரி இரண்டு, வெளியே இருப்பதைக் கழற்றி வேறொன்றை மாட்டலாம். இந்த ஊருக்கு அது பெரிய வசதி. கரண்ட் போனால் மோடமும் நின்றுவிடும் என்பதால், பைத்தான் டாக்குமென்டேஷனை முழுசாக டவுன்லோட் செய்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நெட் இல்லாமலும் படிக்கலாம்.

இங்கிலீஷில் பாடம் புரியவில்லை என்று தயங்குகிற பிள்ளைகளுக்கும் இன்று வழி இருக்கிறது. கணியம் என்ற இணையதளம் 2012 முதல் தமிழில் கணினி நுட்பம் எழுதிவருகிறது. 'எளிய தமிழில்' என்று தொடங்கும் புத்தகங்கள் பலவற்றை இலவசமாகத் தருகிறது. அவற்றில் நித்யா துரைசாமி எழுதியவற்றைப் படித்துவிட்டுக் காலேஜ் பாடத்துக்குப் போனால் பாதி பயம் போய்விடும். ஐஐடி பாம்பேயின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்கள் தமிழிலும் இருக்கின்றன. இவை எல்லாம் அந்தப் பீரோ லேப்டாப்பிலேயே ஓடும்.

ஏற்கெனவே காலேஜில் சேர்ந்துவிட்டவர்கள் காசை எடுப்பதற்கு முன் காலேஜ் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். 2025-26 பட்ஜெட்டில் இரண்டு வருஷத்தில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் என்று அரசு அறிவித்து, 2026 ஜனவரியில் கொடுக்கத் தொடங்கியது. 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. நான் மேலே சொன்ன அளவு அப்படியே இருக்கிறது. உங்கள் பிள்ளையின் வகுப்புக்கு வருமா, எப்போது வரும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதுவரைக்கும் பழையதில் எஸ்எஸ்டி போட்டு ஓட்டலாம்.

கடையில் ஒன்றைப் பிடித்துப்போய்விட்டால் பணம் கட்டுவதற்கு முன் அடிப்பக்கத்தை போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். மாடல் எண்ணைப் பார்த்தால் ராம் ஸ்லாட் இருக்கிறதா, எந்தத் தலைமுறை சிப் என்று சொல்லிவிடுகிறேன்.